உப்புக் காற்றில் கருப்புத் துணி: ராமநாதபுரம் கடற்கரையில் மாற்று ஃபேஷன் டிசைனரிடம் பயிற்சிக்குச் சேர முழுமையான வழிகாட்டி

மாற்று ஃபேஷன் என்ற பெயருக்குள் கிழிசலும் ஊக்குமான பங்க், கருப்பே பிரதானமான கோத், ஃபிரில் வைத்த ஜப்பானிய பாணியான லோலிட்டா, பழைய துணியை வெட்டிப் புது உடுப்பாக்குவது, ஆண் பெண் என்று பிரிக்காத உடுப்பு என்று பல வகை அடங்கும். இவற்றைச் சொந்தப் பெயரில், இரண்டு மூன்று மெஷினோடு, வீட்டு மாடியிலோ தெருவோரக் கடையிலோ தைத்து இணையத்தில் விற்பவரையே இங்கே தனி டிசைனர் என்கிறோம். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய நல்ல காரணங்கள் உண்டு. வாடகை குறைவு. பரமக்குடி, எமனேசுவரம் தறிகள் பஸ் தூரத்தில் இருக்கின்றன. சாயல்குடிப் பக்கம் பனை ஓலை கிடைக்கும், துறைகளில் கழித்துப் போட்ட வலை கிடைக்கும். வாங்குகிறவர்தான் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். ராமநாதபுரம் வெயிலில் இடுப்பை இறுக்கும் கம்பி வைத்த கார்செட்டோடு யாரும் கடைத்தெருவுக்குப் போவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பயிற்சிக்கு வந்தவருக்குப் படம் வரையும் வேலை குறைவாகவே வரும். துணி வெட்டுவது, தையல் பிரிப்பது, சாயம் காய்ச்சுவது, வலை அலசுவது, பார்சல் கட்டுவது ஆகியவற்றில்தான் நாள் போகும். இரண்டு பேர் நடத்தும் கடையில் நீங்கள் கெடுக்கும் ஒரு மீட்டர் துணி அந்த மாதக் கணக்கிலேயே தெரியும். எனவே எது கெடும், ஏன் கெடும் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யாரிடம், எப்போது, எத்தனை நாள்

டிசைனரின் இணையப் பக்கத்தில் உடுப்பின் முன்பக்கப் படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உள்பக்கத் தையலைக் காட்டுகிறாரா, தானே தைக்கிறாரா அல்லது ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறாரா, மாதம் எத்தனை உருப்படி போடுகிறார் என்று பாருங்கள். முழுவதும் வெளியே தைக்கக் கொடுப்பவரிடம் போனால் மூன்று மாதமும் போட்டோ எடுத்து, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதியே கழியும். அதுவும் ஒரு வேலைதான். கை பழகாது, அவ்வளவே.

இரண்டு மாதத்துக்குக் குறைவாகப் போவது வீண். முதல் மாதம் மெஷினும் கையும் பழகவே ஆகும். இரண்டாம் மாதம்தான் ஆர்டர் துணியைக் கையில் தருவார்கள். மூன்றாம் மாதத்தில் நீங்களே ஒரு உருப்படி செய்யலாம். காலமும் முக்கியம். சாயவேலை பழக ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, வெயில் உண்டு, புழுக்கம் குறைவு. வலைவேலை பழக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலைகளைப் பிரித்துச் சீர்செய்வார்கள், கழித்த வலை அப்போதுதான் நிறைய வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துணி காயாது, பூஞ்சை பிடிக்கும், கரண்ட் போகும். மழைக்காலத்தில் சேருகிறவர் வெட்டும் பேட்டர்னும் மட்டும் பழகத் தயாராக இருக்க வேண்டும்.

அனுப்ப வேண்டியது

வரைபடக் கோப்பு எட்டுப் பத்துப் பக்கம் போதும், போனில் திறக்கிற அளவில் இருக்கட்டும். அதைவிடப் பேசுவது தைத்த மாதிரிகள். உள்ளங்கை அகலத்தில் மூன்று செய்யுங்கள்: இருபுறமும் விளிம்பு மறைந்த மடிப்புத் தையல் ஒன்று, ரெக்சினில் பல் வெளியே தெரியும்படி வைத்த ஜிப் ஒன்று, இரண்டரை மடங்கு துணியைச் சீராகச் சுருக்கிப் பட்டையில் ஏற்றிய ஃபிரில் ஒன்று. மூன்றையும் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் தெரியப் படமெடுங்கள். உள்பக்கம் காட்டாத மாதிரியை அனுபவமுள்ளவர் நம்ப மாட்டார்.

செய்தி இந்த அளவில் இருந்தால் போதும்:

“வணக்கம் அக்கா. நான் திருவாடானை பக்கம். ஐ.டி.ஐ.யில் தையல் முடித்திருக்கிறேன். நீங்கள் போட்ட வலை ஜாக்கெட்டில் கை இணையும் இடத்தில் உள்ளே பட்டி கொடுத்திருப்பதைப் பார்த்தேன். காடாத் துணியில் நானும் செய்து பார்த்தேன், வளைவில் சுருங்குகிறது. இரண்டு பக்கப் படமும் அனுப்பியிருக்கிறேன். ஜனவரியிலிருந்து மூன்று மாதம் உங்களிடம் வேலை பழக முடியுமா? ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னாலும் வருகிறேன்.”

சுருங்குகிறது என்ற அந்தச் சொல்தான் பதில் வர வைக்கும். தவறைத் தானே கண்டுபிடிக்கிறவரைச் சேர்த்துக்கொள்ள எல்லாருக்கும் விருப்பம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

ஒரு நாள் சோதனை வேலை கேட்பது நியாயம். பழைய தையலைத் துணி கிழியாமல் பிரிக்கச் சொல்வார்கள், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கச் சொல்வார்கள். ஆனால் விற்கப் போகும் உருப்படிகளை ஒரு வாரம் சம்பளமில்லாமல் தைத்துக் காட்டு என்றால் அது சோதனை ஆகாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஒரு பக்க ஒப்பந்தம்

தெரிந்தவர் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நேரம், வார விடுமுறை, உதவித்தொகை அல்லது பஸ் காசும் மதியச் சாப்பாடும், துணி கெட்டால் யார் பொறுப்பு, படங்களில் உங்கள் பெயர் வருமா, உங்கள் கோப்பில் எவற்றைச் சேர்க்கலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். துணிச் சேதத்தைப் பழக வந்தவர் தலையில் வைக்கும் வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் பேசித் தீர்க்கவும். பழக வந்தவர் கெடுக்கத்தான் செய்வார். கெடுப்பதற்குக் காடாத் துணி கொடுப்பது கற்றுத் தருபவரின் கடமை.

நீங்கள் வரைந்த டிசைன் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழோ தொழில் பழகுநர் ஒப்பந்தத்தின் கீழோ வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளியே. அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பழக வந்தவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதில் வழக்கடிக்கலாம். தாளில் இரண்டு வரி எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, வெளிவராத உடுப்பின் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தில் பதிவு கேட்பதற்கு முன்பே வெளியான டிசைன் புதியது என்ற தகுதியை இழக்கும். ஆசையாகப் போட்ட ஒரு ஸ்டோரி டிசைனருக்குப் பதிவு கிடைக்காமல் செய்துவிடலாம்.

வெளியூரிலிருந்து வருகிறவர் தங்குமிடத்தை ராமநாதபுரம் டவுனில் பார்ப்பது எளிது. ராமேஸ்வரத்தில் தங்கினால் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. அந்த நாட்களில் விடுமுறை கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை

துணிக்கு மட்டும் 10 அங்குலக் கத்தரி, பேப்பருக்கு வேறு கத்தரி, நூல் வெட்டி, தையல் பிரிப்பான், 24 அங்குல ஸ்டீல் ஸ்கேல், வளைவு ஸ்கேல், சாக்பீஸ், துருப்பிடிக்காத குண்டூசி, கோடு போட்ட நோட்டு. இன்ச் டேப்பைப் புதிதாக வாங்கி ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். பழைய டேப் இழுபட்டு 60 அங்குலத்தில் கால் அங்குலம் கூடிப்போயிருக்கும், இடுப்பளவில் அது தெரியும். ஊசிகளை எண்ணெய் தடவிய ஃபிளானல் துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இங்கே காற்றில் உப்பு இருக்கிறது. மேசையில் திறந்து கிடந்த ஊசி இரண்டு நாளில் சொரசொரப்பாகும், பட்டுத் துணியில் இழை இழுக்கும்.

முதல் வாரம்: மெஷின்

பவர் மெஷினுக்கு டி.பி. (DB) ஊசி, வீட்டு மெஷினுக்கு எச்.ஏ. (HA) ஊசி. மாற்றிப் போட்டால் தையல் தவறும் அல்லது ஊசி உடையும். மெல்லிய காட்டனுக்கு 11, சாதாரணக் கைத்தறிக்கு 14, டெனிமுக்கும் ரெக்சினுக்கும் 16, பல அடுக்கு கான்வாசுக்கு 18. ஒற்றை ஊசிப் பவர் மெஷினில் ஊசியின் நீளப் பள்ளம் இடப்பக்கம் இருக்க வேண்டும். தையல் தவறுகிறது என்றால் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகும் முன் ஊசியின் வகை, திசை, முனை மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

தினமும் மூடும்போது ஊசித் தட்டைக் கழற்றிப் பஞ்சைத் தூரிகையால் எடுத்து, பாபின் கேஸ் சுழலும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் இரண்டு அடி ஓட்டி எண்ணெயைக் குடிக்க விடுங்கள். பாதத்தின் கீழ் ஒரு துண்டுத் துணியை வைத்தே மூடவும். நல்ல துணியை அப்படியே விட்டுப் போனால் காலையில் பாதத்தின் அச்சில் துருக்கறை இருக்கும். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கள் முதல் தையல் எப்போதும் கழிவுத் துணியில்தான்.

ரெக்சின் இந்த வகை உடுப்பில் அதிகம். அதில் குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது, கிளிப் போடுங்கள். தையல் நீளம் 3.5 மி.மீ. வையுங்கள். 2 மி.மீ. வைத்தால் தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். பாதத்தில் ஒட்டிக்கொண்டால் டெஃப்லான் பாதம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுங்கள். பி.யு. (பாலியூரித்தேன்) ரெக்சினை இந்த ஊர்ப் புழுக்கத்தில் சுருட்டி அடுக்கி வைத்தால் ஈரத்தால் மேல்பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும். தேவைக்கு மட்டும் வாங்கச் சொல்லுங்கள். பி.வி.சி. அப்படி உரியாது, ஆனால் உடம்பில் வேகும்.

வெட்டும் மேசை

கைத்தறியை அலசாமல் வெட்டாதீர்கள். 50 செ.மீ. சதுரம் குறித்து, அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 48 ஆகியிருந்தால் 4 சதவீதம் சுருக்கம். பாவு (நீள இழை) பக்கமும் ஊடை (குறுக்கு இழை) பக்கமும் தனித்தனியே அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சுருங்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இடுப்பு 28 அங்குலம், நீளம் 24 அங்குலத்தில் முழுவட்டப் பாவாடை. 28ஐ 6.28ஆல் (2π) வகுத்தால் உள்வட்ட ஆரம் ஏறக்குறைய 4½. நீளம் சேர்த்து 28½, மடிப்புக்கு 1 சேர்த்து 29½. முழுவட்டமாக வெட்ட 59 அங்குல அகலத் துணி வேண்டும். தறித் துணி 46 முதல் 48 அங்குலம்தான். ஆகவே இரண்டு அரைவட்டம். விளிம்போரம் 59 அங்குலம் வீதம் இரண்டுக்கு 118 அங்குலம், அதாவது 3 மீட்டர். சுருக்கமும் சேர்த்து 3.2 மீட்டர் எடுங்கள். அரைவட்டத்தின் நேர் ஓரத்தில் இணைப்புத் தையலுக்கு அரை அங்குலம் விடாமல் வெட்டினால் இடுப்பு 26 ஆகிவிடும். புதியவர் அதிகம் செய்யும் தவறு இதுவே.

அதன் கீழே இரண்டு மடங்கு ஃபிரில் வேண்டுமென்றால், வட்டத்தின் விளிம்பு 28½ பெருக்கல் 6.28, ஏறக்குறைய 179 அங்குலம். ஃபிரில் துணி 358 அங்குலம். 48 அங்குலத் துணியில் இணைப்பு போக 47 கிடைக்கும், எட்டுப் பட்டை தேவை. பட்டை உயரம் மடிப்போடு 5 அங்குலம் என்றால் 40 அங்குலம், ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம். சுருக்கும்போது 4 மி.மீ. நீளத்தில் இரண்டு வரி தைத்து, விளிம்பையும் ஃபிரிலையும் எட்டுச் சம பாகமாகக் குறித்து, பாகம் பாகமாக இழுங்கள். மொத்தத்தையும் ஒரே நூலில் இழுத்தால் கடைசி முழத்தில் அறுந்து எல்லாம் அவிழும்.

வட்டப் பாவாடையைத் தைத்தவுடன் கீழ் மடிப்பு அடிக்கக் கூடாது. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். துணி குறுக்குச் சாய்வாக வரும் இடங்கள் தம் எடையில் இறங்கும். ஹேங்கரில் இருக்கும்போதே தரையிலிருந்து அளந்து சமமாக வெட்டிய பிறகு மடிப்பு.

பேட்டர்ன் துண்டு ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, எத்தனை வெட்ட வேண்டும், நேர் இழைக் கோடு, தேதி எழுதுங்கள். கைப்பகுதிகளை ஒரே பக்கமாக வைத்து வெட்டி இரண்டும் இடக்கையாகிப் போன துணி எல்லாக் கடையிலும் ஒரு மூலையில் கிடக்கும்.

கிழிசல் போடுவதும் வெட்டும் மேசை வேலைதான். ஜப்பானிய டிசைனர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமாமோட்டோவும் 1980களின் தொடக்கத்தில் பாரிஸில் கருப்பும் ஓட்டையுமாக உடுப்பைக் காட்டியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த ஓட்டைகள் திட்டமிட்டு வைத்தவை. நீங்கள் வைக்கும் கிழிசலும் அப்படி இருக்கட்டும். கிழிசல் எங்கே நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் முதலில் சிறு தையலால் ஒரு சுற்று ஓட்டி, பின்னால் மெல்லிய துணி வைத்து, அதன்பின் வெட்டி இழை பிரியுங்கள். கத்தரியால் கிழித்துவிட்டு விட்டால் இரண்டாம் சலவையில் கிழிசல் அக்குள்வரை போய்விடும்.

கருப்புச் சாயம்

இந்த வகை உடுப்பில் பாதி கருப்பு. நம் ஊர்க் கருப்பு கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்ந்து வருவது. ஒரு கிலோ காய்ந்த காட்டனுக்கு இப்படிச் செய்யலாம்.

துணியை 20 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்ட நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். 200 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊறவைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் காயவிடுங்கள். வெளிர்மஞ்சளாக இருக்கும். வேறொரு பிளாஸ்டிக் வாளியில் 20 முதல் 30 கிராம் அன்னபேதியைக் குளிர்ந்த நீரில் கரைத்து, நனைத்துப் பிழிந்த துணியை விரித்து இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் கை நிறுத்தாமல் புரட்டுங்கள். கண்ணெதிரே சாம்பலாகி இருளும். நன்றாக அலசுங்கள். இன்னும் கருக்க வேண்டுமானால் திரும்பக் கடுக்காய், திரும்ப அன்னபேதி. ஒரே தடவையில் அன்னபேதியை அதிகமாக்கினால் நிறம் வரும், இழை நைந்துபோகும். துணி எடையில் 4 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

கையுறை கட்டாயம். சமையல் பாத்திரம் ஆகாது. அன்னபேதி வாளியில் போட்ட கரண்டி கடுக்காய் வாளிக்குப் போகக் கூடாது, ஒரு சொட்டு போதும் முழு வாளியும் கருக்க. மிச்சத்தைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள்.

தண்ணீர்தான் இந்தக் கரையின் பெரிய சிக்கல். போர்வெல் நீர் பல இடங்களில் உப்பு, சில இடங்களில் இரும்பு. ஒரு கண்ணாடி டம்ளரில் அந்த நீரை எடுத்து ஒரு கரண்டி கடுக்காய்ச் சாறு விடுங்கள். நீலச் சாம்பலாகக் கருத்தால் இரும்பு இருக்கிறது. கருப்புக்கு அது தொல்லையில்லை. படிகாரம் போட்டுச் சிவப்பு, மஞ்சள் எடுக்க அந்த நீர் உதவாது, நிறம் அழுக்காகும். அதற்கு மழைநீரைப் பிடித்து வைத்த தொட்டி வேண்டும். சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த சாய வேர் இந்த மாதிரி மணற்பாங்கில் வளர்ந்ததுதான். அதில் வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்புச் சத்துள்ள நீர் அந்தச் சிவப்புக்கு நல்லது. கெட்ட தண்ணீர் என்று பொதுவாக ஒன்று கிடையாது, எந்த நிறத்துக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

கடுக்காய்க் கருப்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் வெளுக்கும். சலவைச் சீட்டில் இதை எழுதச் சொல்லி டிசைனருக்கு நினைவூட்டுங்கள்.

வலை

கரையில் கிடக்கிறது என்று வலையைத் தூக்கிவிடாதீர்கள். காயப்போட்டதாக இருக்கும். “அண்ணே, இது கழிச்ச வலையா, எடுத்துக்கலாமா?” என்று கேட்டு, விலை சொன்னால் கொடுத்து வாங்குங்கள்.

ஒரு துண்டு வெட்டி நீரில் அமுக்கி விடுங்கள். மூழ்கினால் நைலான், மேலே வந்தால் பாலிஎத்திலீன். இது தெரியாமல் சாயத்தில் இறங்கக் கூடாது. நைலான், வினிகர் சேர்த்த ஆசிட் டை என்ற சாயத்தை ஏற்கும். வலை எடையில் 3 அல்லது 4 சதவீதம் கருப்பு டை போட்டு, கொதிக்க விடாமல் அதற்குச் சற்றுக் கீழான சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். பாலிஎத்திலீன் எந்தச் சாயத்தையும் ஏற்காது. பச்சையோ நீலமோ, அது இருக்கும் நிறத்திலேயே உடுப்பைத் திட்டமிட வேண்டும்.

சுத்தம் செய்ய மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, காலையும் மாலையும் நீர் மாற்றி, பிறகு சோப்புப் பொடியில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் போட்டால் நைலான் இற்றுவிடும். இரண்டு கண்ணிகளைப் பிடித்து வெட்டென்று இழுத்துப் பாருங்கள். தூள் பறந்து அறுந்தால் வெயில் தின்ற வலை, தைக்க லாயக்கில்லை. தைக்கும்போது ஓரத்தை ஒரு அங்குல சாய்வுப் பட்டிக்குள் வைத்து 4 மி.மீ. அகல ஜிக்ஜாக் ஓட்டுங்கள். நேர்த்தையல் போட்டால் பாதித் தையல் கண்ணியின் ஓட்டையில் விழும். முடிச்சுகள் தோலை உராயும், கழுத்திலும் அக்குளிலும் உள்துணி கட்டாயம்.

சங்கு, பவளம் என்று கரையில் கிடப்பதை அணிகலனாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பவளப்பாறை, கடல்விசிறி, கடல்குதிரை மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. செத்து ஒதுங்கியது என்ற சமாதானம் எடுபடாது. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, சோதனை உண்டு. பனை ஓலையில் பட்டை, காலர் பின்னச் சொல்லிக் கேளுங்கள். குருத்தோலை நன்றாக வளையும், மழைக்காலத்தில் மட்டும் பூஞ்சை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐலெட், கம்பி, சங்கிலி

நிக்கல் பூசியவை வியர்வையில் பூச்சு போய்ச் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும், இந்த ஊரில் கீழிருக்கும் இரும்பும் துருவேறும். சங்கிலிக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். 304 மலிவு, உப்புக் காற்றுக்கு அவ்வளவு தாங்காது. கயிறு கோர்க்கும் ஓட்டையில் அடிக்கும் வளையமான ஐலெட்டுக்குப் பித்தளை. ஓட்டை ஐலெட் கழுத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும், பின்னால் கான்வாஸ் வேண்டும். கார்செட்டில் ஒரு அங்குல இடைவெளி. உடுப்பில் அடிக்கும் முன் அதே எண்ணிக்கை அடுக்குகளில் ஒன்று அடித்துப் பாருங்கள். கார்செட்டின் சுருள் கம்பியை வெட்டிய முனையில்தான் துரு தொடங்கும். முனைக்குத் தொப்பி போட்டு நெயில் பாலிஷில் தோய்த்துக் காயவைத்த பிறகே உள்ளே விடவும்.

தறி வீடு

எமனேசுவரத்துக்கு உங்களைத் துணி சொல்ல அனுப்புவார்கள். அங்கே பல குடும்பங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும், உங்களிடம் தமிழில் பேசும். செருப்பை வெளியே விடுங்கள், தறியில் ஏற்றிய பாவைத் தொடாதீர்கள், கேட்டுவிட்டுப் படமெடுங்கள். மூத்தவர் என்றால் ஐயா, இல்லையென்றால் அண்ணே, அக்கா. கீழக்கரையில் எம்பிராய்டரி கொடுக்கப் போனால் காக்கா (அண்ணன்), ராத்தா (அக்கா) என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

மூன்று மீட்டர் மட்டும் நெய்து தாருங்கள் என்று கேட்கக் கூடாது. பாவு ஓட்டி ஏற்றுவதே பெரும்பாடு, அதை மூன்று மீட்டருக்கு யாரும் செய்ய மாட்டார்கள். துணியின் கரையில் மண்டையோட்டு உருவம் வேண்டும் என்றால் நெசவில் உருவம் கொண்டுவரும் ஜக்கார்டு அட்டை புதிதாக அடிக்க வேண்டும், அந்தச் செலவு சின்னக் கடைக்குத் தாங்காது. மலிவான வழி ஒன்றுண்டு. தறியில் இருக்கும் பாவு இருக்கட்டும், ஊடை நூலை மட்டும் கருப்பாக மாற்றித் தரக் கேளுங்கள். சிவப்புப் பாவில் கருப்பு ஊடை ஏறினால் நிழலாடும் ஒரு நிறம் வரும். முழுக் கருப்புப் பாவு கேட்டால் தயங்குவார்கள். சேலைக்குக் கருப்பு ஆகாது என்ற எண்ணம் ஒரு பக்கம், அறுந்த இழை கருப்பில் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் தறி காலியிருக்காது, அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நெசவாளர் சங்க விலைக்குக் கீழே பேரம் பேசுவதற்கு உங்களை அனுப்பினால் மறுத்துவிடலாம்.

படப்பிடிப்பும் பார்சலும்

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் படமெடுத்து முடியுங்கள், பிறகு வெளிச்சம் வெளுத்துவிடும், காற்றும் கூடும். பாவாடை விளிம்பில் மீன்வலை ஈயக்குண்டு நாலைந்தைத் தற்காலிகமாகக் கோர்த்தால் பறக்காது. தனுஷ்கோடி இடிபாடுகள் எல்லாருக்கும் ஆசை காட்டும். 1964 டிசம்பர் புயலில் பலர் மாண்ட இடம் அது, அந்தச் சுவரில் ஏறி நின்று மண்டையோட்டுச் சட்டையைக் காட்டுவதை எங்களால் ஒப்ப முடியவில்லை. அரியமான் சவுக்குத்தோப்பு இருக்கிறதே. எல்லைக் கடற்பகுதி என்பதால் டிரோனை அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். திரும்பியதும் உலோகம் உள்ள உடுப்பு ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள், அடுத்த நாளுக்கு விட்டால் துரு முந்திக்கொள்ளும்.

பார்சலில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். இஸ்திரிச் சூடு ஆறாமல் பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் உள்ளே வேர்த்து, பெங்களூர் போய்ச் சேரும்போது பூஞ்சை வாசம் அடிக்கும்.

கடைசி வாரம்

ஒவ்வொரு நாளும் என்ன தைத்தீர்கள், எந்த ஊசி, எந்த நூல், எது கெட்டது என்று நோட்டில் எழுதியிருந்தால் சான்றிதழ் கேட்கும்போது வேலை எளிது. “மூன்று மாதம் பயிற்சி பெற்றார்” என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் யாருக்கும் எதையும் சொல்லாது. எத்தனை பேட்டர்ன் வெட்டினீர்கள், எந்த உருப்படிகளில் உங்கள் கை இருந்தது, சாயவேலை தெரியுமா என்று நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அப்படியே கையெழுத்தாகும். கோப்பில் சேர்க்கும் படங்களுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். டிசைனரின் பேட்டர்னைப் படியெடுத்துக் கொண்டு போகாதீர்கள், உங்கள் கணக்கு நோட்டு உங்களுடையது. சாய மாதிரித் துண்டுகளில் அளவு, நீர், தேதி எழுதிய சீட்டைத் தைத்து ஒரு தொகுப்பைக் கடையில் விட்டு, இன்னொன்றை எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். அடுத்து வருகிறவர் முதல் நாளில் திறந்து பார்க்கப் போவது அந்தத் தொகுப்பைத்தான்.